புராண ஆமையும் சிவாலிக் மலையும்

பாற்கடலைக் கடைந்தபோது மத்தாக நின்ற மந்தர மலை கடலில் அமிழ்ந்துவிடாமல் தன் முதுகில் தாங்கியது ஓர் ஆமை என்பது நாமெல்லாம் சிறுவயதில் கேட்ட கதை. அத்தகைய பேராமை ஒன்றை மனிதர் எவரேனும் உண்மையில் கண்டிருக்கக் கூடுமா? இக்கேள்வியை நம்மிடையே பக்தர் கேட்பதில்லை, அவருக்கு ஐயமில்லை. பகுத்தறிவாளரும் கேட்பதில்லை; அவருக்கும் ஐயமில்லை. 1844-ஆம் ஆண்டு லண்டன் விலங்கியல் கழகத்தின் முன் இக்கேள்வியை ஒருவர் கேட்டார். கையில் எலும்புகளை வைத்துக்கொண்டு கேட்டார். அவர் பெயர் ஹியூ ஃபால்கனர்.

பொருளாதாரம் கற்பித்தவனான எனக்கு ஃபால்கனர் அறிமுகமானது தொல்லுயிரியல் வழியாக அல்ல. வடஇந்தியக் கால்வாய்ப் பாசனம், இமயமலைத் தேயிலை, சிங்கோனா மரப்பட்டை, பர்மியத் தேக்கு ஆகியவற்றின் வரலாற்றைப் படித்தபோதெல்லாம் ஏதேனும் ஓர் அடிக்குறிப்பில் அவர் பெயர் எதிர்ப்பட்டது. இத்தனை துறைகளில் கால்பதித்த மனிதர் யார் என்று தேடப்போய், அவருடைய வாழ்வின் நடுநாயகமாக அந்த ஆமை இருக்கக் கண்டேன்.

ஸ்காட்லாந்தின் வடபகுதியில் உள்ள ஃபாரஸ் என்னும் சிற்றூரில் 1808-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஃபால்கனர் பிறந்தார். அபர்தீன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1829-இல் எடின்பரோவில் மருத்துவரானார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர அப்போது அவருக்கு வயது போதவில்லை. காத்திருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. இந்தியாவிலிருந்து தாவரவியலாளர் வாலிச் கொண்டுவந்திருந்த உலர்தாவரங்களை வகைப்படுத்த உதவினார். லண்டன் நிலவியல் கழகத்தில், பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரையிலிருந்து வந்திருந்த புதைபடிவ எலும்புகளைப் பார்த்தார். தாவரம், எலும்பு என்ற இரண்டு ஆர்வங்களும் அங்கேயே வேரூன்றின.

1830-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், இமயமலை அடிவாரத்துக்கு அருகில் சகாரன்பூரில் இருந்த கம்பெனியின் தாவரவியல் தோட்டத்துக்குப் பொறுப்பாளரானார். அப்போது அவருக்கு வயது 23. தோட்டத்துக்கு வடக்கே, இமயத்தின் முன்வாசல்போல் நீண்டு கிடந்தது சிவாலிக் குன்றுத் தொடர். இமயத்திலிருந்து இறங்கிய ஆறுகள் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் கூழாங்கல்லும் இறுகிப் பாறையாகிப் பின் உயர்ந்தெழுந்து உருவானவை அக்குன்றுகள். அவ்வாறுகளின் கரைகளில் வாழ்ந்து மடிந்த விலங்குகளின் எலும்புகளும் அப்படிவுகளுக்குள் புதைந்து கல்லாகியிருந்தன.

அதே வட்டாரத்தில் யமுனைக் கால்வாய்ப் பணியை மேற்பார்த்து வந்தவர் புரோபி காட்லி. பிற்காலத்தில் கங்கைக் கால்வாயை வெட்டிப் புகழ்பெற்ற பொறியாளர் இவரே. பொறியாளரும் மருத்துவரும் நண்பர்களாயினர். நாஹன் அரசர் 1834-இல் பேக்கர் என்னும் மற்றொரு பொறியாளருக்குக் கல்லாய் மாறிய யானைப் பல் ஒன்றை அளித்தார். அத்தகைய துண்டு ஒன்று ஃபால்கனருக்கும் கிடைத்தது. அது எங்கே எடுக்கப்பட்டது என்று விசாரித்து அவ்விடத்துக்குச் சென்ற அவர், ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளைத் திரட்டினார். இந்தக் கண்டுபிடிப்பு அறிவியல் உலகுக்குத்தான் புதியது. அவ்வூர் மக்களுக்கு அந்த எலும்புகள் முன்பே தெரிந்திருந்தன. இமயமலைப் பகுதிகளில் இத்தகைய எலும்புகளுக்கு மின்னல் எலும்பு என்ற பெயரே வழங்கியது. பிரோஸ் ஷா துக்ளக் 14-ஆம் நூற்றாண்டில் கால்வாய்க்காக ஒரு குன்றை வெட்டச் செய்தபோது, யானைகளின் எலும்புகளும் அரக்கர் எனத்தக்க மனிதர்களின் எலும்புகளும் வெளிப்பட்டதாகப் பாரசீக மொழி வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்தா எழுதிவைத்திருக்கிறார்.

சகாரன்பூரில் அருங்காட்சியகமில்லை, ஒப்பிட்டுப் பார்க்க நூல்களும் போதிய அளவில் இல்லை. கிடைத்த எலும்பு எவ்விலங்கினுடையது என்று அறிய, அவ்விலங்கின் இன்றைய உறவினரது எலும்புக்கூடு வேண்டும். காட்டிலும் ஆற்றிலும் வேட்டையாடப்பட்ட புலி, எருமை, மான், கரியல் முதலை ஆகியவற்றின் எலும்புக்கூடுகளை நண்பர்கள் தாமே பதப்படுத்தி வைத்துக்கொண்டனர். எலும்பியலை அவர்கள் கற்றது அவற்றைப் பார்த்துத்தான்.

அவர்கள் கண்டெடுத்தவற்றுள் முதலில் புகழ்பெற்றது ஒரு மாபெரும் மண்டையோடு. நான்கு கொம்புகளைத் தாங்கிய, யானைக்கு ஈடான பருமன் கொண்ட அவ்விலங்குக்குச் சிவதீரியம், அதாவது சிவனின் விலங்கு, என்று 1836-இல் பெயரிட்டனர். அது ஒட்டகச்சிவிங்கியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. மிக நீண்ட தந்தங்களைக் கொண்ட பழைய யானையினம் ஒன்றுக்குப் பிற்பாடு கணேசரின் பெயரைச் சூட்டினர். குரங்கின் எலும்புகளும் கிடைத்தன. குரங்கினம் அவ்வளவு பழைமையானது என்பதற்கு அதுவரை சான்று இருந்ததில்லை. இவற்றையெல்லாம் பாராட்டி லண்டன் நிலவியல் கழகம் தன் உயரிய வொல்லாஸ்டன் பதக்கத்தை 1837-இல் இருவருக்கும் சேர்த்து அளித்தது. மருத்துவப் பட்டம் பெற்று எட்டாண்டுகளே ஆகியிருந்த ஃபால்கனர் அப்போதும் சகாரன்பூர்த் தோட்டத்தில்தான் இருந்தார்.

இவையனைத்தும் அவருடைய ஓய்வுநேரப் பணிகள் என்பதை மறந்துவிடக் கூடாது. இமயமலைச் சரிவுகளில் தேயிலை வளரும் என்று 1834-இல் கம்பெனிக்கு அறிக்கை அளித்து, முதல் சோதனைத் தோட்டங்களை மேற்பார்த்தவர் அவர். 1838-இல் காஷ்மீருக்கு வடக்கே அஸ்தோர் பள்ளத்தாக்கில் பெருங்காயம் தரும் செடி ஒன்றைக் கண்டு விவரித்தார். நம் சமையலறையில் நாள்தோறும் புழங்கும் பொருளொன்றின் தாவரவியலிலும் இந்த எலும்பு ஆய்வாளரின் பங்கு உண்டு என்பது எனக்கு இனிய வியப்பு.

இனி ஆமைக்கு வருவோம். சிவாலிக் படிவுகளில் தடித்த ஆமையோட்டின் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றின் தடிப்பையும் வளைவையும், உடன் கிடைத்த கால் எலும்புகளின் பருமனையும் கண்ட ஃபால்கனரும் காட்லியும், அது உலகில் அதுவரை அறியப்படாத பெருந்தரை ஆமை என்று முடிவுசெய்தனர். வானத்தைத் தாங்கும் கிரேக்கப் புராண மாந்தன் அட்லாஸின் பெயரை அதற்கு வைத்தனர். ஓட்டின் நீளம் 12 அடிக்கு மேல் இருக்கும் என்பது அவர்களது கணக்கு. துண்டுகளை வைத்து முழுமையை ஊகித்ததால் அக்கணக்கு மிகைப்பட்டுவிட்டது. இன்றைய ஆய்வாளர்கள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் என்கின்றனர். அப்படியும் இன்றுள்ள எந்தத் தரை ஆமையும் அதற்கு நிகராகாது.

1842-இல் உடல்நலம் குன்றி இங்கிலாந்து திரும்பிய ஃபால்கனர், உலர்தாவரப் பெட்டிகளோடு ஐந்து டன் எலும்புகளையும் கொண்டுசென்றார். ஈராண்டுகள் கழித்து ஆமையைப் பற்றி விலங்கியல் கழகத்தின் முன் உரைத்தபோது, உடற்கூற்று விவரங்களோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. இந்தியர்களின் கதைகளில் ஆமை ஏன் இவ்வளவு பெரிய இடத்தைப் பெற்றிருக்கிறது என்ற கேள்வியையும் எழுப்பினார். கூர்மாவதாரத்தையும், மகாபாரதத்தில் கருடன் இரையாகத் தூக்கிச் சென்ற யானையையும் ஆமையையும் அவர் எடுத்துக்கொண்டார். சொத்துப் பிரிவினைக்காகச் சண்டையிட்ட இரு சகோதரர்கள் ஒருவரையொருவர் சபித்து, ஒருவர் யானையாகவும் மற்றவர் ஆமையாகவும் மாறி, பிறவி மாறியும் பகை மாறாமல் போரிட்டதாகச் சொல்லும் கதை அது. பாகப்பிரிவினையின் விளைவுகளை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளாதார நூலும் விளக்கியதில்லை.

ஃபால்கனரின் கவனம் வேறொன்றில் பதிந்தது. இந்தியாவில் இன்று வாழும் ஆமைகள் யானையின் கால்விரலுக்குக்கூட ஈடாகமாட்டா. யானைக்கு இணையான எதிரியாக ஆமையை ஏன் ஒரு கதைசொல்லி கற்பனை செய்தார்? சிவாலிக் ஆமையையும் அதனோடு ஒரே படிவுகளில் கிடைத்த யானைகளையும் அருகருகே நிறுத்தினால் கதையின் அளவுகள் பொருந்துகின்றன. மேலும், அந்தப் பழைய விலங்குகளுள் சிலவற்றுக்கும் இன்று கங்கையில் வாழும் கரியல் முதலை, சிற்றாமை ஆகியவற்றுக்கும் அவர் வேறுபாடு காணவில்லை. உடன் வாழ்ந்தவற்றுள் சில இன்றுவரை தப்பிப் பிழைத்திருக்க, பேராமை மட்டும் மனிதர் தோன்றிய காலம்வரை ஏன் வாழ்ந்திருக்கக் கூடாது? கதைகளில் எஞ்சியிருப்பது அதை நேரில் கண்டவர்களின் நினைவாக இருக்கலாம் என்பது அவருடைய கருதுகோள்.

அக்கருதுகோள் நிலைக்கவில்லை. பாறைகளின் வயதை அளக்கும் முறைகள் வந்தபின், அந்தப் பேராமை மகாபாரதத்துக்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே இந்திய மண்ணிலிருந்து மறைந்துவிட்டது என்பது உறுதியாயிற்று. அவ்வளவு நெடிய காலத்தைக் கடந்து எந்த வாய்மொழி நினைவும் வந்து சேராது.

ஆனால் கேள்வி அத்தோடு முடிந்துவிடவில்லை. உயிருள்ள ஆமையைக் கண்டவர் இல்லாமற்போகலாம். மழையில் அரித்த குன்றின் சரிவில் அதன் ஓட்டைக் கண்டவர் இருந்திருக்கலாம் அல்லவா? பண்டைய கிரேக்கர்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்ட மாபெரும் எலும்புகளைத் தங்கள் காவிய வீரர்களின் எலும்புகள் எனக் கருதிக் கோயில்களில் வைத்துப் போற்றியதற்குச் சான்றுகள் உண்டு. சிவாலிக் குன்றுகள் குருக்ஷேத்திரத்திலிருந்து வெகுதொலைவில் இல்லை. அங்குக் கிடைத்த பேரெலும்புகள் மகாபாரதப் போர்க்களத்தைப் பற்றிய கதைகளுக்கு உரமூட்டியிருக்கலாம் என்று நம் காலத்து ஆய்வாளர் சிலரும் கருதுகின்றனர். நம் பூசையறைகளிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வரும் சாளக்கிராமத்தில் திருமாலின் சக்கரமாக வணங்கப்படும் சுருள், இமயம் உயர்வதற்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் உயிரினத்தின் கூடு. அங்குக் கல்லைப் பார்த்தவர் கடவுளின் சின்னத்தைக் கண்டார் என்பதில் ஐயமில்லை. ஆமையின் கதை அப்படிப் பிறந்ததா என்பதற்கு அத்தகைய நேர்ச்சான்று இல்லை. அது ஒரு வாய்ப்பு மட்டுமே. வாய்ப்பை வாய்ப்பென்றே சொல்வதுதான் நேர்மை.

கதையை மதித்துக் கேட்ட அக்கேள்வி ஃபால்கனரை விடவில்லை. அழிந்துபோன விலங்குகளோடு மனிதர் வாழ்ந்தனரா என்று அவர் இந்தியாவில் கேட்டதற்கு விடை ஐரோப்பாவில் காத்திருந்தது. சிவாலிக் விலங்குகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1846 முதல் 1849 வரை ஒன்பது பகுதிகளாக வெளிவந்து முற்றுப்பெறாமலே நின்றது. இடையில் மீண்டும் இந்தியா வந்து, கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் தலைவராகவும் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் 1855 வரை பணியாற்றினார். தெனாசரிம் தேக்குக் காடுகள் கட்டுப்பாடின்றி வெட்டப்படுவதைப் பற்றி அறிக்கை அளித்தார். மலேரியாவுக்கு மருந்தாகும் சிங்கோனாவை இந்தியாவில் பயிரிடலாம் என்று பரிந்துரைத்தோருள் அவரும் ஒருவர். பின்னாளில் நம் நீலகிரியில் அம்மரம் பயிரானது.

ஓய்வுபெற்றுத் திரும்பியபின், 1858-இல் தென்மேற்கு இங்கிலாந்தின் பிரிக்ஸம் என்னுமிடத்தில் புதிதாகத் திறந்த குகை ஒன்றை முறையாக அகழ வேண்டும் என்று வலியுறுத்தினார். அடுக்கடுக்காக, ஒவ்வொரு பொருளும் கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டே நடந்தது அந்த அகழ்வு. அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதர் செதுக்கிய கற்கருவிகளும் கிடைத்தன. அதே ஆண்டு பிரான்சின் அப்வில் நகரில், பலராலும் புறக்கணிக்கப்பட்டிருந்த ஆய்வாளர் பூஷே தெ பெர்த்தின் கற்கருவித் தொகுப்பைப் பார்வையிட்டு, அதை நேரில் வந்து ஆராயுமாறு நிலவியலாளர் பிரெஸ்ட்விச்சைத் தூண்டினார். அடுத்த ஆண்டு பிரெஸ்ட்விச் அங்குச் சென்று திரும்பியதும், மனித குலத்தின் பழைமை அறிவுலகில் ஏற்கப்பட்ட உண்மையாயிற்று.

ஆனால் தாம் நிலைநாட்ட விரும்பிய கருத்துக்குச் சாதகமானது என்பதற்காக எதையும் அவர் ஏற்றுவிடவில்லை. 1863-இல் அதே அப்வில்லில் மனிதத் தாடையெலும்பு ஒன்று கிடைத்ததாகச் செய்தி வந்தது. முதலில் அவரும் அதை நம்பினார். லண்டன் திரும்பி அதனுடன் கிடைத்த பல்லை ஆராய்ந்தபின் ஐயம் எழ, அதைப் பத்திரிகை வாயிலாக ஊரறியச் சொன்னார். இரு நாட்டு அறிஞர் குழு பாரிசில் கூடி அக்கண்டுபிடிப்பு மெய்யானதே என்று முடிவுசெய்தபோதும், அத்தாடை மிகப் பழைமையானதாக இருக்க முடியாது என்ற தம் கருத்தைத் தனியே பதிவுசெய்தார். அது தொழிலாளர்கள் புதைத்து எடுத்த மோசடி என்பது பின்னர் வெளிப்பட்டது. மனித எலும்பு கண்டெடுப்போருக்குப் பரிசுத்தொகை அறிவிக்கப்பட்டிருந்தது. ஒரு முடிவுக்குத் தேவையான சான்றுக்கு விலை வைத்தால், சான்று சந்தைக்கு வந்துவிடும் என்பது பொருளாதாரம் படித்தவர்களுக்குப் புதிய செய்தியன்று.

மால்டா தீவிலிருந்து வந்த குள்ள யானைகளின் எலும்புகளையும் அவர் தம் இறுதி ஆண்டுகளில் ஆராய்ந்தார். தீவில் சிறைப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக உருவம் சுருங்கிய யானைகள் அவை. அவற்றுள் தோளுயரம் ஒரு மீட்டர் அளவே இருந்த இனத்துக்கு அவர் மறைவுக்குப் பின் அவர் பெயரே சூட்டப்பட்டது. சிசிலியிலும் அந்த யானை வாழ்ந்தது. யானை மண்டையோட்டின் முகப்பில் துதிக்கைக்கான பெரிய ஒற்றைத் துளை இருக்கும்; யானையைக் கண்டறியாத ஒருவருக்கு அது ஒற்றைக் கண்ணாகத் தோன்றும். கிரேக்கக் கதைகளின் ஒற்றைக்கண் அரக்கன் பிறந்தது இத்தகைய மண்டையோடுகளைக் கண்டதால் இருக்கலாம் என்று ஆஸ்திரியத் தொல்லுயிரியலாளர் ஓதெனியோ ஆபெல் 1914-இல் கூறினார். புராணத்துக்கும் எலும்புக்கும் உறவைத் தேடியவரின் பெயர், அத்தகைய உறவுக்கு உலகம் காட்டும் எடுத்துக்காட்டோடே இணைந்துவிட்டது.

1864-இல் ஜிப்ரால்டர் சென்று, அங்குக் கிடைத்திருந்த தொல்மனித மண்டையோடு ஒன்றின் சிறப்பை உணர்ந்தார். நியாண்டர்தால் மனிதருடையது என்று இன்று நாம் அறியும் மண்டையோடு அது. இயற்கைத் தேர்வுக் கொள்கையை முழுமையாக ஏற்காதவராயினும், டார்வினுக்கு அவ்வாண்டின் காப்ளி பதக்கம் கிடைக்க வேண்டும் என்று பயணத்தின் நடுவே கடிதம் எழுதி ஆதரித்தார். குளிர்காலத்தில் லண்டன் திரும்பியவர் மூட்டுவாதக் காய்ச்சலில் விழுந்து, 1865 ஜனவரி 31 அன்று தம் 56-ஆம் வயதில் மறைந்தார். எழுதி முடிக்காத குறிப்புகளே மிகுதி. நண்பர் சார்லஸ் முர்ச்சிசன் அவற்றைத் திரட்டி 1868-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டிராவிட்டால் அந்த உழைப்பில் பெரும்பகுதி அழிந்திருக்கும்.

அவர் காலத்தின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். டன் கணக்கில் எலும்புகள் நம் மண்ணைவிட்டுக் கப்பலேறின. எலும்பு கிடைக்கும் இடங்களைக் காட்டியவர்கள், தோண்டியவர்கள், சுமந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் எந்தப் பதிவிலும் இல்லை. ஆட்சியின் அதிகாரமும் கம்பெனியின் வணிகமும் இன்றி ஃபால்கனரின் அறிவியல் நடந்திருக்காது.

இருந்தும் இன்று நமக்கு அவரிடம் கற்க ஒன்று இருக்கிறது. புராணத்தில் உள்ளதெல்லாம் மறைத்துச் சொல்லப்பட்ட அறிவியலே என்று மேடைதோறும் முழங்குவோர் ஒருபுறம். அவையெல்லாம் வெறும் கட்டுக்கதை, கேட்கவே தகுதியற்றவை என்று ஒதுக்குவோர் மறுபுறம். இரு சாராருக்கும் குன்றேறித் தேட வேண்டிய தேவையே இல்லை. விடை முன்பே கையில் இருக்கிறது. ஃபால்கனர் கதையைச் சான்றாகக் கொள்ளவில்லை, கேள்வியாகக் கொண்டார். பின் விடையைப் பாறையில் தேடினார். அவர் கண்ட விடை தவறாயிற்று. ஆனால் அது தவறு என்று காட்ட முடிந்ததற்கே காரணம், அதைச் சோதிக்கத்தக்க வடிவில் அவர் முன்வைத்ததுதான். சோதிக்க இடந்தராத பெருமிதத்தால் பழைய கதைகளுக்கும் பயனில்லை, அறிவியலுக்கும் பயனில்லை.

இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில், நாஹனிலிருந்து சற்றுத் தொலைவில், சாகேதி என்னுமிடத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அமைத்த புதைபடிவப் பூங்கா இருக்கிறது. சிவதீரியமும் நெடுந்தந்த யானையும் பேராமையும் அங்கு முழு உருவச் சிலைகளாக நிற்கின்றன. வடக்கே சுற்றுலா செல்லும் நம் கல்லூரிகள் தங்கள் பயணத் திட்டத்தில் ஒரு பகற்பொழுதை அதற்கும் ஒதுக்கலாம். பாற்கடல் கதையை அறிந்த மாணவர் ஒருவர் அந்த ஆமையின் முன் நின்றால், ஃபால்கனர் கேட்ட கேள்வி தானே எழும். அதற்கு உடனே விடை சொல்லிவிடாமல், எப்படித் தேடலாம் என்று கேட்பதே உடன் செல்லும் ஆசிரியரின் வேலை.